இலங்கைப் போரில் சிறார் காப்புப் பேச்சுவார்த்தைகள்

இலங்கை உள்நாட்டுப் போரின்போது (1983–2009), குழந்தைகளைக் காக்க ஐ.நா. அமைப்புகள் அரசு, விடுதலைப் புலிகள் ஆகிய இருதரப்புடனும் நடத்திய பேச்சுகள். யுனிசெஃப் இவற்றில் முன்னின்றது.

எளிதில் கைகூடியது போலியோ சொட்டு மருந்துதான். 1985-இல் எல் சால்வடாரில் தடுப்பூசிக்காகச் சண்டை நின்றது. 1990-களின் நடுவில் இலங்கையும் அத்தகைய 'அமைதி நாட்களை'க் கண்டது. சொட்டு மருந்தால் எந்தப் படைக்கும் ஆள் குறையப்போவதில்லை.

ஆள்சேர்ப்பில் கதை வேறு. 1998 மே மாதம் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம், 17 வயதுக்குக் கீழ் சேர்ப்பதில்லை, 18-க்குக் கீழ் களத்துக்கு அனுப்புவதில்லை என்று விடுதலைப் புலிகள் வாக்களித்தனர். வாக்கு நிற்கவில்லை. 2003 அக்டோபரில் விடுவிக்கப்படும் சிறார்களுக்காகக் கிளிநொச்சியில் திறந்த இடைத்தங்கல் நிலையம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. 2003 முதல் 2008 முடியப் புலிகள் சேர்த்த 6,000-க்கு மேற்பட்ட சிறார்களை யுனிசெஃப் பதிவுசெய்தது. சொல்லத் துணியாத பெற்றோரின் பிள்ளைகள் இக்கணக்கில் இல்லை.

புலிகளின் பிடியிலிருந்த வன்னியில் இந்த ஆள்சேர்ப்புக்குப் பெயர் 'பிள்ளைபிடி'. போரின் கடைசி ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்தார்கள். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, படிக்கிற வயதிலேயே தாலி கட்டிவைத்தார்கள்.

2004-இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணாவின் அணி பிரிந்து கலைந்தபோது கிழக்கில் பெருந்தொகையான சிறார்கள் வீடு திரும்பினர். அதில் பேச்சுவார்த்தைக்குப் பங்கில்லை. பின்னர் அந்த அணியே பிள்ளை பிடித்தது. அரசுப் படையினர் சிலரும் அதற்கு உடந்தை என்று 2006 நவம்பரில் ஐ.நா. தூதர் அலன் ராக் குற்றஞ்சாட்ட, கொழும்பு மறுத்தது. இத்தகைய ஆள்சேர்ப்பு மீதான கண்காணிப்பை 2005-இன் 1612-ஆம் பாதுகாப்பு அவைத் தீர்மானம் முறைப்படுத்தியிருந்தது. அவ்வணியின் கட்சி 2008 மே மாதம் கிழக்கு மாகாண ஆட்சிப் பொறுப்புக்கு வந்தது; சிறார்களைச் சேர்ப்போரின் ஐ.நா. பட்டியலில் பெயர் இருப்பது அதன்பின் உறுத்தியிருக்க வேண்டும். டிசம்பரில் சிறார்களை விடுவிக்கும் செயல்திட்டத்தில் கையெழுத்திட்டது. போர் முடிவில் புலிகள் தரப்பிலிருந்து சரணடைந்த 594 சிறார்கள் அம்பேபுஸ்ஸ, இரத்மலானை நிலையங்களில் மறுவாழ்வு பெற்று 2010 மே மாதத்துக்குள் வீடு சேர்ந்தனர்.

எந்தப் பேச்சையும் நம்பாமல் படகேறிய குடும்பங்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையோர ஊரான மண்டபத்தில் இறங்கியவர்கள் மாவட்டந்தோறும் பிரித்தனுப்பப்பட்டனர். வன்னியம்பட்டிப் பக்கத்து மொட்டமலை முகாம் அவ்வாறு உருவானது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் முகாம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடியுரிமைக் கேள்வி அப்படியே இருக்கிறது.