எங்கள் கரையின் வரைபடம்

1802 ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியைக் கிடத்தி நிலத்தை அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அந்த ஒரு கோட்டிலிருந்து கிளம்பியதுதான்.

காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது. கருவியை உயரத்தில் நிறுத்தக் கோயில் கோபுரங்கள்தான் உதவின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் தாமே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். எங்கள் கோபுரங்கள் தோள் கொடுத்த வேலை அது.

ஆனால், அந்த அளவையின் வழியில் வந்த வரைபடம் எங்கள் கைக்கு வரவில்லை. நான் நாகப்பட்டினத்தில் புவியியல் ஆசிரியராக இருந்தவன். எங்கள் ஊருக்கான நிலவரைபடத் தாளின் (டோப்போ ஷீட்) எண் '58 என்/13'. அதன் கீழ் ஓரத்தில் ஊர் வரும். கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் வரும் தாள்கள் அப்போது தடைக்கு உட்பட்டவை. வெளியூர் மலைப்பகுதித் தாளை விரித்துத்தான் என் பிள்ளைகளுக்குச் சமவுயரக் கோடு சொல்லிக்கொடுத்தேன். கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கழிமுகத்தையும் மணல்மேட்டையும் படத்தில் பார்க்காமலே பள்ளியை முடித்தார்கள்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. வரைபடம் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வாய்க்கால் எங்கே போகிறது, எந்தப் பாலம் எந்தக் குப்பத்தை இணைக்கிறது என்பதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விவரம். அதை அங்கே வாழ்கிற மக்களிடமிருந்தே மறைத்து வைத்தது பெரிய அநீதி.

அடுத்த ஆண்டு மே மாதம் தேசிய வரைபடக் கொள்கை வந்தது. ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று தாள்கள் பிரிந்தன. 2016-இல் காற்று எதிர்த்திசையில் அடித்தது. அனுமதியில்லாமல் புவியிடத் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை என்றது மத்திய அரசின் வரைவு மசோதா. எதிர்ப்பு கிளம்பியது, அது சட்டமாகவில்லை. 2017-இல் பொது வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள். ஆனால் இறக்கிக்கொள்ள ஆதார் எண் கேட்டார்கள். 2021 பிப்ரவரி 15-இல்தான் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடம் உருவாக்கலாம் என்றானது. ஒரு மீட்டரைவிட நுணுக்கமான தரவு இந்தியர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நிலத்தின் பூட்டு திறந்த அதே காலத்தில் மனிதனின் நடமாட்டத்துக்குக் காவல் இல்லாமல் போனது. போன் சட்டைப்பையில் இருந்தாலே நாம் போன மருத்துவமனையும் வழிபட்ட இடமும் எங்கோ பதிவாகின்றன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது: ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தை கூகுள் மேப்பில் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு எதிரானது. வழக்கில் சிக்கியவருக்கே அந்த உரிமை உண்டென்றால், எந்தக் குற்றமும் செய்யாத நமக்கு எவ்வளவு உண்டு! ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பிடத் தகவலைத் தனியாக எடுத்துப் பேசவில்லை.

ஆறும் கரையும் சாலையும் பொதுச் சொத்து; அவற்றின் படம் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் தொங்க வேண்டும். ஒருவர் எங்கே போனார், எங்கே தங்கினார் என்பது அவருடைய சொந்த விஷயம். இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் எழுத்தாகவே வைக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை கரையோர மக்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.