நிமோனியா: வகைகள், காரணங்கள், கண்டறியும் முறைகள்

கொச்சி: தமிழில் 'ஃப்ரெண்ட்ஸ்', 'காவலன்' ஆகிய படங்களை இயக்கிய மலையாள இயக்குநர் சித்திக், 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கொச்சியிலுள்ள அம்ரிதா மருத்துவமனையில் காலமானார். நிமோனியாவுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் சிகிச்சை பெற்று வந்த நிலையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. வேறு நோய் உள்ளவர்களுக்கு நிமோனியா கூடுதல் ஆபத்தாகிறது.

நுரையீரலின் காற்றுப்பைகள் தொற்றால் வீங்கி, அவற்றில் நீரோ சீழோ சேர்வதே நிமோனியா. இதனால் ரத்தத்துக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. 2019-இல் மட்டும் உலகெங்கும் 5 வயதுக்கு உட்பட்ட சுமார் 7.4 லட்சம் குழந்தைகள் இதனால் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது.

வகைகள்

* சமூகத் தொற்று: வீட்டிலோ வெளியிடங்களிலோ ஏற்படுவது.
* மருத்துவமனைத் தொற்று: அனுமதிக்கப்பட்டு 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றுவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் ஏற்பட வாய்ப்பு அதிகம்.
* உணவு, வாந்தி, உமிழ்நீர் ஆகியவை மூச்சுக்குழாய்க்குள் செல்வதால் ஏற்படுவது: பக்கவாதம் தாக்கியவர்களிடமும் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களிடமும் அதிகம்.

காரணங்கள்

நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம். இன்ஃப்ளூயன்சா, கரோனா போன்ற வைரஸ்களும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் பூஞ்சைகளும் இதை உண்டாக்கும். வைரஸ் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் மருந்து பயன் தராது என்பதால், கிருமியின் வகையை அறிவது அவசியம்.

புகைபிடித்தலும் காற்று மாசும் நுரையீரலின் தற்காப்பைக் குறைக்கின்றன. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்குத் தீயால் எழுந்த புகை, வைட்டிலா உள்ளிட்ட கொச்சியின் பல பகுதிகளைப் பல நாள்கள் சூழ்ந்திருந்தது. இத்தகைய சூழலில் குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

கண்டறிதல்

காய்ச்சல், சளியுடன் இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். முதியோரிடம் காய்ச்சல் இல்லாமல் மனக்குழப்பமும் சோர்வும் மட்டுமே காணப்படலாம்.

குழந்தைகளின் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான சுவாசம்.

மருத்துவர் ஸ்டெதஸ்கோப் மூலம் பரிசோதித்து, மார்பு எக்ஸ்ரே வழியாக நோயை உறுதிசெய்வார். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவைக் காட்டும். ரத்தம், சளிப் பரிசோதனைகள் கிருமியை அறிய உதவும். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை.

தடுப்பு

நியூமோகாக்கல் தடுப்பூசி, தேசியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. உதடு நீலமாதல், மூச்சு விடும்போது விலா உள்வாங்குதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவை தென்பட்டால், உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.