தாடி வைக்காத ராமசாமி

சென்னை அண்ணா சாலையில ஆட்டோ பிடிச்சு "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி"ன்னு சொன்னா வேற கேள்வி கேக்காம கொண்டுபோய் விட்டுடுவாங்க. 2010-ல் சட்டமன்றமா திறந்து, 2014-ல் ஆஸ்பத்திரியா மாறின அதே கட்டடம்தான். அந்த ஓமந்தூர் எங்க இருக்குன்னு கேட்டா மட்டும் பத்துல எட்டு பேர் முழிப்பாங்க. திண்டிவனத்துலேர்ந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல இருக்கு மக்களே! எங்க விழுப்புரம் மாவட்டம். அவர் காலத்துல அது தென்னாற்காடு ஜில்லா.

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் பிறந்தது 1895 பிப்ரவரி 1. விவசாயக் குடும்பம். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில படிச்சார். அப்புறம் காங்கிரஸ், கதர், சிறைன்னு அந்தத் தலைமுறைக்கே உரிய பாதை. அதை வேகமா தாண்டிடலாம். எனக்கு முக்கியம், அவர் சென்னை மாகாணத்தை ஆண்ட ரெண்டு வருஷமும் சொச்சமும்தான்.

1947-ல் காங்கிரசுக்குள்ள பிரகாசத்துக்கும் காமராஜர் கோஷ்டிக்கும் ஒத்துப்போகல. பிரகாசம் இறங்க, மார்ச் 23-ம் தேதி ஓமந்தூரார் பதவி ஏத்தார். அப்போ முதலமைச்சர்னு பேர் கிடையாது, பிரதமர்னுதான் சொல்லுவாங்க. இந்தியா சுதந்திரம் வாங்கின அன்னிக்கு சென்னை மாகாணத்தை ஆண்டது யாருன்னு க்விஸ்ல கேட்டா பாதிப் பேர் ராஜாஜின்னு எழுதுவாங்க. பதில் எங்க ஊர்க்காரர் :-)

அந்த ரெண்டு வருஷத்துல வந்த சட்டங்களைப் பார்த்தா மூச்சு முட்டுது. தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள்ள போக வழி செஞ்ச ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல். முத்துலட்சுமி ரெட்டி இருபது வருஷமா போராடின தேவதாசி ஒழிப்புச் சட்டம் அதே வருஷம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல். பாரதியார் பாடல் உரிமையை ஏவி.எம். செட்டியாரிடமிருந்து அரசு வாங்கினது 1949-ல். மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது 1948 அக்டோபர் 2. இதுல ஒரு வேடிக்கை. அவர் சொந்த ஊர் வழியாப் போற ரோடு முடியுற இடம் பாண்டிச்சேரி. அங்க அப்போ பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஓமந்தூரார் சட்டம் அந்த எல்லையோட சரி. அந்த ரோட்டுல பஸ்ல போனவங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எனக்கு இந்த மனுஷன் மேல பிடிப்பு வந்ததே இதனாலதான்.

நீதிக்கட்சி காலத்து வகுப்புவாரி ஆணையில அரசு வேலை 12 இடம்னா அதுல பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிமுக்கு 2, கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டவருக்கு 1. இந்த 'பிராமணரல்லாதார்' பெட்டிக்குள்ள பெரிய ஜாதியும் இருக்கும், ஏர் ஓட்டுற ஜாதியும் இருக்கும். யார் முந்திக்குவாங்கன்னு சொல்லவா வேணும்? 1947 நவம்பர்ல ஓமந்தூரார் அரசு கணக்கை மாத்திப் போட்டுச்சு. 14 இடத்துல பிராமணரல்லாதாருக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குன்னு தனியா 2, தாழ்த்தப்பட்டவருக்கு 2, பிராமணருக்கு 2, முஸ்லிமுக்கு 1, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 1.

முஸ்லிம், கிறிஸ்தவர் பங்கு பாதியா குறைஞ்சதையும் சொல்லியாகணும், அது சின்ன விஷயமில்ல. ஆனா பிற்படுத்தப்பட்டவர்னு ஒரு தனிப் பெட்டி வந்தது இங்கதான். இதுக்காக சொந்தக் கட்சிக்காரங்களே அவரை "தாடியில்லாத ராமசாமி நாயக்கர்"னு கிண்டல் பண்ணினாங்கன்னு சொல்லுவாங்க. கூத்து என்னன்னா, தாடி வச்ச ராமசாமியோட கருஞ்சட்டைப் படைக்கு 1948-ல் தடை போட்டதும் இதே அரசுதான். பள்ளிக்கூடத்துல இந்தியைக் கொண்டுவந்து, பெரியாரைத் தெருவுக்கு இழுத்ததும் இதே அரசுதான். அதனாலயோ என்னவோ, திராவிட இயக்கத்துக்காரங்க அவரை முழுசா சொந்தம் கொண்டாட முடியல. காங்கிரஸ்காரங்களுக்கோ காமராஜர் ஒருத்தர் போதும்.

அந்த ஆணை என்ன ஆச்சு? 1951 ஏப்ரல் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரெண்டு தீர்ப்பு சொன்னது. செண்பகம் துரைராஜன் வழக்குல கல்லூரி இட ஒதுக்கீடு மொத்தமும் செல்லாதுன்னு ஆச்சு. இது எல்லாருக்கும் தெரியும், முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்த கதை. அதே நாள்ல வந்த வெங்கடரமணா வழக்கை யாரும் பேசுறதில்ல. அது மாவட்ட முன்சீப் வேலை பத்தினது. அதுல மத்த பங்கீடெல்லாம் விழுந்துச்சு, தாழ்த்தப்பட்டவருக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கினது மட்டும் செல்லும்னு தீர்ப்பு. அதாவது ஓமந்தூரார் அரசு புதுசா சேர்த்த ரெண்டும், கூட்டிக் கொடுத்த ஒண்ணும்தான் கோர்ட்ல நின்னுச்சு! 1987-ல் இதே விழுப்புரம், திண்டிவனம் ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்துச்சே, அதுவும் 'பெரிய பெட்டிக்குள்ள எங்க பங்கு எங்கே'ங்கற அதே கேள்விதான். நாப்பது வருஷம் முன்னாடி அதே மண்ணுக்காரர் ஒருத்தர் அதுக்கு முதல் பதிலை எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். இது எங்க பக்கத்துப் பசங்களுக்கே தெரியாதுங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

பதவி ரொம்ப நாள் நிக்கல. சிபாரிசுன்னு யார் வந்தாலும், அது எம்.எல்.ஏ.வா இருந்தாலும், முகத்துக்கு நேரா முடியாதுன்னுடுவாராம். நேர்மைங்கறது சரி, ஆனா கட்சியில ஆதரவு வேணும்னா நாலு பேரை அனுசரிச்சும் போகணும். அந்தக் கலை அவருக்கு வரல. கொண்டுவந்த காமராஜர் பக்கமே கைவிட்டுச்சு. 1949 ஏப்ரல் 6-ம் தேதி குமாரசாமி ராஜா வந்துட்டார்.

இறங்கினவர் கவர்னர் பதவி, டெல்லி சீட்டுன்னு அலையல. ரமண மகரிஷி மேலயும் வள்ளலார் மேலயும் பக்தி உள்ளவர், நேரா வடலூர் போயிட்டார். அங்க சுத்த சன்மார்க்க நிலையம் தொடங்கி, ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்க்குறதும் பள்ளிக்கூடம் நடத்துறதுமா மிச்ச வாழ்க்கையைக் கழிச்சார். 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

ஓமந்தூர்ல அவருக்கு அரசு மணிமண்டபம் இருக்கு. வீக்கெண்டுக்கு பாண்டி கிளம்புற நண்பர்களே, திண்டிவனம் தாண்டினதும் வண்டியை ஒரு பத்து நிமிஷம் ஓரங்கட்டுங்க. பாண்டி எங்கயும் ஓடிடாது.