பிரான்சில் பறிபோகும் சாரதி அனுமதிப்பத்திரம்: ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது?

பாரிஸின் வடகிழக்குப் புறநகரான லெ பிளாங்-மெனிலில் குடியிருந்துகொண்டு, லாச்சப்பல் கடைகளிலும் நகரின் உணவகங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைக்கும் தமிழர்கள் பலருக்கு, முதல் புறநகர் ரயில் புறப்படும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அல்லது கடைசி ரயில் சென்ற பின்னரே முடிகிறது. அவர்கள் பேச்சு வழக்கில் 'பெர்மி' எனப்படும் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோவது, பெரும்பாலும் வேலை பறிபோவதற்குச் சமமானது.

'பெர்மி போய்விட்டது' என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலையைப் பிரெஞ்சுச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது இடைநிறுத்தம். குறித்த காலம் முடிந்து, தேவையான மருத்துவப் பரிசோதனையும் நிறைவேறினால் பழைய அனுமதிப்பத்திரமே திரும்பக் கிடைக்கும். இரண்டாவது, நீதிமன்றம் விதிக்கும் ரத்து. மூன்றாவது, புள்ளிகள் தீர்ந்து அது செல்லுபடியற்றதாவது. பின்னைய இரண்டிலும் பழையது திரும்பி வராது. புதிதாகப் பெற வேண்டும். கையில் இருக்கும் கடிதம் இவற்றில் எதைச் சொல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

புள்ளி முறை 1992 ஜூலை முதலாம் தேதி நடைமுறைக்கு வந்தது. லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். தொடக்கத்தில் 6 ஆக இருந்த புள்ளிகள் அந்த ஆண்டு முடிவதற்குள் 12 ஆக உயர்த்தப்பட்டன. கைத்தொலைபேசியைப் பிடித்தபடி ஓட்டினால் 3, சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4, மது அருந்தி ஓட்டினால் 6 புள்ளிகள் போகும். அபராதத்தைக் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பதிவுத் தபாலும் இழுப்பறையும்

புள்ளிகள் முற்றாகத் தீர்ந்ததும் உள்துறை அமைச்சிடமிருந்து '48 எஸ்ஐ' எனப்படும் பதிவுத் தபால் வரும். அதற்கு முன்னர் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குச் சென்றிருந்தால் 4 புள்ளிகள் வரை மீட்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை இதற்கு இடமுண்டு. கடிதம் கைக்கு வந்த பின்னர் அந்த வகுப்பால் பயனில்லை. தபாலகத்துக்குப் போய் வாங்காமல் விடுவதும் உதவாது. முகவரி சரியாக இருந்தால், திரும்பிச் சென்ற கடிதமும் கையளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உறவினர் முகவரியில் பதிந்துவிட்டு வேறிடத்தில் வசிப்போர் இங்குதான் சிக்கிக்கொள்கின்றனர்.

கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் அனுமதிப்பத்திரத்தை நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். சட்டம் விதிக்கும் ஆறு மாதத் தடை, கடிதத்தின் தேதியிலிருந்தோ குற்றம் நடந்த நாளிலிருந்தோ அல்ல, ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவருக்கு ஒரு நாள்கூடக் கழிந்திருக்காது. ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறையும் புள்ளிகள் தீர்ந்தால் தடை ஓராண்டாகும்.

மீண்டும் பெறுவதற்கான வழி

இந்த ஆறு மாதத்தைச் சும்மா கழிக்கத் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் பரிசோதனை, எதிர்வினை வேகத்தையும் கவனத்தையும் அளக்கும் உளத்திறன் சோதனை ஆகியவற்றைச் சொந்தச் செலவில் முடிக்க வேண்டும். வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவர் இந்தச் சான்றைத் தர முடியாது. எழுத்துத் தேர்வையும் தடைக் காலத்திலேயே எழுதலாம்.

மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர், தடைக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்து, அது முடிந்த ஒன்பது மாதத்துக்குள் விண்ணப்பித்தால், எழுத்துத் தேர்வு மட்டும் போதும். தவறினால் வாகனம் ஓட்டிக் காட்டும் தேர்வும் சேரும். எழுத்துத் தேர்வில் 40 கேள்விகளுக்கு 35 சரியான விடைகள் தேவை. சொற்களின் நுட்பமான வேறுபாட்டில் தங்கியிருக்கும் அந்தப் பிரெஞ்சுக் கேள்விகளே, சமையலறையிலும் கிடங்கிலும் மொழி கற்ற முதல் தலைமுறையினருக்குப் பெரிய தடை. தேறியவருக்குக் கிடைப்பது 6 புள்ளிகளோடு தொடங்கும் தற்காலிக அனுமதிப்பத்திரம்.

முடிவை எதிர்க்க விரும்புவோர் இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்தை அணுகலாம். லெ பிளாங்-மெனில் அமைந்துள்ள சென்-சான்-தெனி மாவட்டத்துக்கு அது மோந்திரெய் நகரில் உள்ளது. ஆனால் வழக்குத் தொடுத்ததாலேயே தடை நின்றுவிடாது; அதற்குத் தனியாக அவசர மனு வேண்டும்.

தடையை மீறி ஓட்டுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்குக் கொடுக்கப்படும் இழப்பீட்டை ஓட்டியவரிடமிருந்தே திருப்பிக் கேட்க முடியும். அத்தகைய தண்டனை, பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்போதும் கணக்கில் எடுக்கப்படக்கூடும். தடை நடப்பில் இருக்கும்போது வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் அனுமதிப்பத்திரம் எடுத்து வருவதும், 2006ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டப்படி ஏற்கப்படுவதில்லை.

1988க்கு முன் பிறந்தவர்களுக்கு ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. நீதிமன்றம் தனியாகத் தடுக்காவிட்டால், அனுமதிப்பத்திரம் இன்றியே ஓட்டத்தக்க, மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத சிறு கார்களை அவர்கள் பயன்படுத்தலாம். அவற்றுக்கும் காப்புறுதி கட்டாயம். நெடுஞ்சாலையில் அவற்றை ஓட்ட முடியாது என்பதால், லெ பிளாங்-மெனிலிலிருந்து பாரிஸ் வருபவர் ஏ1, ஏ3 சாலைகளைத் தவிர்த்து ஊர்த் தெருக்கள் வழியாகவே வர வேண்டியிருக்கும்.