கணிப்பொறிக்குள் ஓர் ஊர்

ராயப்பேட்டை மணிக்கூண்டின் அருகே மாலை வேளையில் நின்று பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். நாற்புறமிருந்தும் வருவோர் தத்தம் வழியே போகின்றனர். நெரிசல் உண்டாகுக என்று எவரும் கட்டளையிடவில்லை; ஆயினும் நெரிசல் உண்டாகிவிடுகிறது. தனியாட்களின் சிறு முடிவுகளிலிருந்து ஊரளவான விளைவு பிறப்பதைக் கணிப்பொறியில் படைத்துப் பார்க்கும் முறைக்கு முகவர்வழி மாதிரியாக்கம் என்று பெயர். அதற்கான கருவிகளின் வரலாற்றையே மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

தொடக்க காலக் கருவிகளுள் ஒன்று வெறும் காசுகள்தாம். தாமஸ் ஷெல்லிங் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், கட்டமிட்ட பரப்பில் இருவகைக் காசுகளை வைத்து நகர்த்தினார். அண்டை வீட்டாரில் ஓரளவினர் தம்மினத்தாராக இருக்கவேண்டும் என்ற மெல்லிய விருப்பமே ஊரைக் கூறுபடுத்திவிடும் என்பதை 1971இல் வெளியான கட்டுரையில் காட்டினார். நம் நாட்டுச் சேரிகளோ விருப்பத்தால் பிரிந்தவையல்ல, கட்டாயத்தால் பிரிக்கப்பட்டவை. ஆகவே அக்காசுகளின் பாடத்தை இங்கே அப்படியே பொருத்துவது பிழை என்பேன்.

1990களில் சாண்டா ஃபே ஆய்வு நிலையத்தில் ‘ஸ்வார்ம்’ என்னும் பொதுக்கருவி உருவாயிற்று. பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ‘ரீபாஸ்ட்’, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ‘மேசன்’ ஆகியவை எழுந்தன. யூரி விலென்ஸ்கி 1999இல் ‘நெட்லோகோ’வை அளித்தார்; சிறுவர்க்கென அமைந்த லோகோ மொழியின் வழித்தோன்றல் அது.

இவற்றுள் எது சிறந்தது? ரெயில்ஸ்பேக்கும் உடனாய்வாளர் இருவரும் எளிய மாதிரி ஒன்றைப் பதினாறு படிகளாக வளர்த்து, ஒவ்வொரு கருவியிலும் எழுதிப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். விரைவைக் குறிக்கோளாகக் கொண்டது மேசன். எளிமையிலும் விளக்கவுரையிலும் முந்தியது நெட்லோகோ. பிள்ளைகளின் கருவி என்று எண்ணப்பட்டதை முதிர்ந்த ஆய்வுக்கும் அவர்கள் பரிந்துரைத்தது எனக்கு மிகவும் உவப்பான செய்தி.

ஆனால் விரைவினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. நோவாக், மே என்போர் 1992இல் அமைத்த மாதிரியில் ஒத்துழைப்போர் நிலைத்து வாழ்ந்தனர். எல்லோரும் ஒரே கணத்தில் முடிவெடுப்பதாக அது அமைந்திருந்தது. ஹூபர்மனும் கிளான்சும் மறு ஆண்டே அதனை ஒருவர்பின் ஒருவராக இயங்கச் செய்தனர், ஒத்துழைப்பு அழிந்துபோயிற்று! விதி மாறவில்லை, வரிசைதான் மாறிற்று. கருவி தானாகவே எந்த வரிசையைக் கைக்கொள்கிறது என்பதை அறியாமல் விடையை நம்பலாமா?

2020இல் இக்கேள்வி நம் வாயிலுக்கே வந்தது. கொரோனாத் தொற்றின்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தாரும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பெங்களூருவையும் மும்பையையும் கணிப்பொறிக்குள் படைத்தனர். ஒவ்வொரு நகரிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட முகவர்கள். அவர்களுக்கு வீடு, பள்ளி, பணியிடம் எல்லாம் உண்டு. பள்ளியறைக் கருவி அச்சுமையைத் தாங்குவது அரிது. அவர்கள் தாமே சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதினர். புறநகர் ரயிலைத் திறந்தால் தொற்று எவ்வளவு பரவும் என்பது அவர்கள் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. ரயில் ஓடாவிட்டால் கூலி இல்லை என்றிருந்த எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அவ்வினாவைச் சார்ந்திருந்தது.

தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய கௌதம் மேனனும் அவர்தம் குழுவினரும் அசோகா பல்கலைக்கழகத்தில் ‘பாரத்சிம்’ என்னும் கருவியை உருவாக்கினர். அதன் நிரல் மறைக்கப்படவில்லை. முகவர்கள் எந்த வரிசையில் இயங்குகின்றனர் என்பதை விரும்புவோர் அதனுள் புகுந்தே பார்த்துக்கொள்ளலாம்.