சாரநாத்: நிற்கும் ஸ்தூபியும் நிற்காத ஸ்தூபியும்

வாரணாசிக்கு வேறு வேலையாகப் போனபோது அரை நாள் கையில் இருந்தது. சாரநாத் அங்கிருந்து 10 கிலோமீட்டர்தான், ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். ஞானம் பெற்ற புத்தர் தன் பழைய தோழர்கள் ஐந்து பேருக்கு முதல் உபதேசம் செய்த இடம்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் போவது தமேக் ஸ்தூபிக்கு. நானும் அப்படித்தான். அடியில் 28 மீட்டர் விட்டம், சுற்றிலும் குப்தர் காலக் கொடி வேலைப்பாடு. வெள்ளை உடுத்திய யாத்ரீகர்கள் வலம் வந்துகொண்டிருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில்தான் புல்தரையில் ஒரு செங்கல் வட்டம் கண்ணில் பட்டது. வரும்போது கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். பலகையில் தர்மராஜிகா ஸ்தூபி என்று இருந்தது.

அசோகர் கட்டியதாகக் கருதப்படும் ஸ்தூபி அது. பின்னால் வந்தவர்கள் ஆறு முறை அதைப் பெரிதாக்கினார்கள். அவ்வளவும் எங்கே போச்சு?

1794-ல் காசியைச் சேர்ந்த ஜகத் சிங், ஜகத்கஞ்ச் கடைவீதி கட்டச் செங்கல் வேண்டி அதைப் பிரிக்க ஆள் விட்டார். உள்ளே ஒரு கல்பெட்டி, அதற்குள் பச்சைப் பளிங்குப் பேழை, அதில் எலும்புத் துண்டுகள், முத்துக்கள், தங்கத் தகடுகள். எலும்புகளைக் கங்கையில் விட்டுவிட்டார்கள். இறந்தவர் எலும்புக்குக் காசியில் செய்யும் மரியாதை அதுதானே! அவர்களைப் பொறுத்தவரை அது அவமதிப்பு இல்லை. அங்கே ரெசிடெண்டாக இருந்த ஜோனதன் டங்கன் எழுதி வைத்ததால்தான் நமக்கு இதெல்லாம் தெரிகிறது.

அதே இடத்தில் கிடைத்த ஒரு புத்தர் சிலையின் பீடத்தில் 1026-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்திரபாலன், வசந்தபாலன் என்ற சகோதரர்கள் தர்மராஜிகாவைப் பழுதுபார்த்த செய்தி அது. ஆண்ட மன்னன் மகிபாலன். ஆமாம், ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற அதே மகிபாலன்தான். சோழர் படை கங்கைப் பக்கம் போய்வந்த சில வருஷங்களில் இங்கே திருப்பணி நடந்திருக்கிறது.

சரி, தமேக்குக்குள் என்ன இருந்தது? 1835-ல் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் அதன் உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரை கிணறு மாதிரி துளைத்துப் பார்த்தார். அவரும் இன்ஜினியர்தான், அப்போது வயது 21. பௌத்த வாசகம் பொறித்த ஒரு கல்பலகை கிடைத்தது. அஸ்தி இல்லை. தர்மராஜிகாவின் காலி கல்பெட்டியையும் மறுபடி தோண்டி எடுத்தவர் அவரே.

ஆக, அஸ்தி இல்லாத ஸ்தூபி நிற்கிறது. அஸ்தி இருந்தது தரைமட்டம். தர்மராஜிகா செங்கல்லால் ஆனது, பிரித்து வீடு கட்டலாம். தமேக்கின் அடிப்பாகமோ இரும்புக் கவ்விகளால் பிணைத்த கற்கள், லேசில் பெயர்க்க முடியாது. எது தப்பிப் பிழைத்தது என்பதைப் புனிதம் தீர்மானிக்கவில்லை, கட்டுமானப் பொருள்தான் தீர்மானித்தது.

மறுபடி அந்த வட்டத்துக்குப் போனேன். வயதான ஒரு பிக்கு அதைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்க போனால், முதலில் அங்கே கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம் தமேக்குக்குப் போங்க.