சர்வர் பரிமாறணும், சமைக்கக் கூடாது: எக்கியார்குப்பத்தில் ஒரு வீடியோ வரலாறு

எக்கியார்குப்பத்தில் சித்தப்பா வீட்டு ஹாலில் புதுசாக ஒரு 4கே டிவி வந்திருந்தது. தங்கச்சி கல்யாண வீடியோவை அதில் போட்டுப் பார்க்கலாம் என்று எல்லாரும் உட்கார்ந்தோம். நான் ஏற்கெனவே அங்கே வைத்திருந்த மீடியா சர்வர் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர். மூன்றாம் தலைமுறை ஐ3, ஒரு ஹார்ட் டிஸ்க், மேலே ஜெல்லிஃபின், அவ்வளவுதான். படம் பத்து நொடி ஓடும், அப்புறம் வட்டம் சுற்றும். மறுபடி பத்து நொடி.

"இது வேணாம்டா, எங்க கல்யாணத்தப் போடு" என்றார் சித்தப்பா. 1994-இல் எடுத்த விஎச்எஸ் கேசட். பல வருஷம் முன்னாடி கோப்பாக மாற்றி வைத்தது. அது ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடியது. "எங்கம்மா நடந்து வர்ற எடம் வருது, பேசாம பாருங்க" என்றார். ஆயா நடந்து வந்தார். பின்னால் கடலோரம் கூரை வீடுகள். 2004 சுனாமிக்கு முந்தைய குப்பம். ஆயா உயிரோடு நடமாடுகிற ஒரே பதிவு எங்களிடம் அதுதான். கேசட் எப்போதோ பூசணம் பிடித்துப் போய்விட்டது.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே டிவி. முப்பது வருஷம் முந்தைய கல்யாணம் ஓடுகிறது, போன வருஷத்துக் கல்யாணம் நிற்கிறது. ஏன்? இதற்கான பதில் வீடியோ வீட்டுக்குள் வந்த வரலாற்றில் இருக்கு.

80-களில் நம்ம ஊர்களில் விசேஷம் என்றால் டெக்கும் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வரும். அடுத்து வந்தவர் கேபிள்காரர். அவர் அறையில் ஒரு டெக்கில் கேசட்டைப் போடுவார், தெருவுக்கெல்லாம் வயர் போகும், எல்லா வீட்டிலும் அதே படம். இதை முறைப்படுத்த மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததே 1995-இல்தான். ஒரு இடத்தில் படம், பல இடத்தில் திரை என்பதுதான் மீடியா சர்வர் என்றால், நம்ம தெருவின் முதல் மீடியா சர்வர் அந்த கேபிள்காரர் அறைதான். அவர் படத்தைக் கொடுத்தார், டிவி காட்டியது. நடுவில் எந்த மாற்றமும் கிடையாது.

மாற்றம் டிஜிட்டலோடு வந்தது. படத்தை அப்படியே எண்களாக வைத்தால் எந்தத் தட்டிலும் அடங்காது, அதனால் சுருக்க வேண்டும். 1993-இல் வகுக்கப்பட்ட விசிடி, எம்பெக்-1 முறையில் 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட படத்தைக் கொடுத்தது. ஒரு தட்டில் 74 நிமிஷம், அதனால்தான் நம்ம படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தன. டிவிடி எம்பெக்-2-க்குப் போனது, 720-க்கு 576. 2003-இல் ஹெச்.264 வந்தது. தரம் குறையாமல் கோப்பு பாதியானது. போன், டிவி, பிரவுசர் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டன. 2013-இல் ஹெச்இவிசி, அதே தரத்துக்கு அதிலும் ஏறக்குறைய பாதி. ஆனா அதன் காப்புரிமைக் கட்டணம் பல கூட்டமைப்புகளின் கையில் சிக்கலாகிப் போனதால் பிரவுசர்கள் பல வருஷம் தயங்கின. அந்தச் சிக்கலைத் தாண்டத்தான் பல நிறுவனங்கள் சேர்ந்து 2018-இல் கட்டணமில்லாத ஏவி1-ஐ வெளியிட்டன.

ஆக, ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒரு மொழி. பழைய கருவிக்குப் புது மொழி புரியாது, சில புதுக் கருவிகளுக்குப் பழைய மொழி மறந்துபோச்சு. நடுவில் மொழிபெயர்ப்பாளராக வந்தது வீட்டு மீடியா சர்வர். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்தான் இன்றைய கோடி. அதிலிருந்து பிரிந்தது பிளெக்ஸ். எம்பி தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்தது ஜெல்லிஃபின். பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் கேட்கிற கருவிக்குப் புரியாத படத்தை ஓடும்போதே பிரித்து வேறு வடிவத்தில் சுருக்கிக் கொடுக்கும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங்.

நம்ம ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுபவர். அந்த அர்த்தத்தையே இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் அது பரிமாறல். டிரான்ஸ்கோடிங் என்பது பந்தி உட்கார்ந்த பிறகு அடுப்பு மூட்டுவது.

இப்போ கணக்கைப் பாருங்க. 1994 கோப்பு 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். சரியாக 20 மடங்கு. பழையதை சர்வர் சமைத்துத்தான் கொடுத்தது, ஆனா அது ஒரு ஆளுக்கான சமையல். புதியது 10-பிட் ஹெச்இவிசி. 2012-இல் வந்த அந்த ஐ3-க்கு ஹெச்.264-க்குத் தனிச் சுற்று உண்டு, ஹெச்இவிசிக்கு இல்லை. இன்டெல் சிப்புகளில் 10-பிட் ஹெச்இவிசிக்கான முழுமையான சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் இரண்டே கோர்கள் கையாலேயே அரைத்துக்கொண்டிருந்தன.

புது சிபியு வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஜெல்லிஃபின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் டிரான்ஸ்கோடிங்குக்குக் காரணம் எழுதியிருந்தது: வேக வரம்பு. டிவிக்கு ஹெச்இவிசி நன்றாகவே தெரியும். பழைய வைஃபைக்காக நானே ஆப்பில் 20 எம்பிபிஎஸ் என்று வரம்பு போட்டு மறந்திருந்தேன். கல்யாணக் கோப்பு சராசரியாக 60. அடுப்பை மூட்டியது நான்தான்.

வரம்பை எடுத்தேன். டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினேன். வயர்தான் எப்பவும் நல்லது என்று நினைப்போம், ஆனா பல 4கே டிவிகளின் வயர் துளை 100 எம்பிபிஎஸ்தான். கனமான கோப்பு உச்சத்தில் அதைத் தாண்டிவிடும். சப்டைட்டில் படமாகப் பதிந்த வகையாக இருந்தால், பல ஆப்புகளில் அதைப் போட்ட உடனே சர்வர் முழுப் படத்தையும் சமைக்க ஆரம்பிக்கும். எழுத்துக் கோப்பாக மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. உள்ளறைப் பழைய டிவிக்கு மட்டும் 1080 அளவில் ஹெச்.264 பிரதி ஒன்றை சென்னையிலேயே செய்து எடுத்துப்போனேன். கட்டுச்சோறு மாதிரி. பைசா செலவில்லாமல் 4கே ஓடியது.

ஆனா மூன்று மாசத்தில் சித்தப்பா போன் செய்தார். பெட்டி எழுந்திருக்கவே இல்லை. "அம்மா படம் இருக்குதாடா?" என்பதுதான் முதல் கேள்வி. என்னிடம் இரண்டாவது பிரதி இல்லை. மரக்காணம் போய்ச் சேரும்வரை அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஃபேன் இறகில் வெள்ளைப் பொடி, ரேம் செருகும் இடத்தில் பச்சை. மரக்காணம் உப்பளக் கரை. உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதற்கு ரொம்ப முன்னாலேயே இழுக்கும். மழைநாளில் சமையலறை உப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான். அதே நசநசப்பு செம்பின் மேல் உட்கார்ந்தால் அரிப்பு. சிபியு சமைக்கச் சமைக்கச் சூடு, சூட்டுக்கு ஃபேன், ஃபேன் இழுப்பது உப்புக்காற்று. அந்த ஐ3-இன் வெப்ப அளவு 55 வாட். சாதாரண ஹார்ட் டிஸ்கிலும் காற்றழுத்தத்துக்காக வடிகட்டியோடு ஒரு சிறு துளை உண்டு.

டிஸ்க் பிழைத்திருந்தது. அதிர்ஷ்டம், வேறென்ன.

இப்போது அங்கே இருப்பது என்100 சிப் போட்ட ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி. 2023-இல் வந்த சிப், 6 வாட். ஹெச்இவிசி, ஏவி1 இரண்டுக்கும் சுற்று உள்ளேயே இருக்கு. விலை அந்த டிவியில் பாதிகூட இல்லை. உள்ளே எஸ்எஸ்டி. நான் மேம்படுத்தப் போனது படத்தின் தெளிவை. கடைசியில் காசு கொடுத்து வாங்கியது ஃபேன் இல்லாமையை.

1994 கோப்புக்கு இப்போ மூன்று பிரதிகள். ஒன்று குப்பத்தில், இரண்டு சென்னையில். மூல எம்பெக்-2-ஐ அழிக்கவில்லை, பார்ப்பதற்கு மட்டும் ஹெச்.264-இல் ஒன்று செய்தேன். விஎச்எஸ்ஸில் இல்லாத நுணுக்கத்தை 4கே டிவி கொண்டுவராது, ஆயா முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது குப்பத்தில் மின்சாரம் இல்லை. போன் கிடைத்ததும் வீட்டைப் பற்றி, படகைப் பற்றி, ஆட்களைப் பற்றிக் கேட்டேன். கோப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை.